நசுங்காத எலுமிச்சம்பழம்

ஆயுத பூஜையன்று மத்தியானம் மரியராஜின் வாசலில் வந்து நின்றவளின் முந்தானையில் ஒரு கறை இருந்தது. குங்குமமா இரத்தமா என்று சொல்ல முடியவில்லை. பெயர் அக்ஷதா, பள்ளி ஆசிரியை.

"என் மாமனாரை நான் கொல்லப் பார்த்தேன்னு சொல்றாங்க சார். சாயங்காலம் போலீஸ் வந்து கூட்டிட்டுப் போயிடும்."

மரியராஜ் காப்பீட்டுக் கம்பெனிக்காக விபத்து வண்டிகளைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர். பேச்சு குறைவு. அவருக்கும் சேர்த்துப் பேச மோலி இருந்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ்; லீவு நாட்களில் அவருக்குத் துப்பறியும் துணை.

"ஐயோ, முதல்ல உட்காருங்க. என்ன ஆச்சு?"

"பூஜை முடிஞ்சு காரை ஸ்டார்ட் பண்ணேன். ஹைபிரிட் வண்டி, சத்தமே வராது. கண்ணை மூடிக் கும்பிட்டுக்கிட்டே கியரை மாத்தினேன். தினமும் போல லேசா ஒரு அசைவு. அவ்வளவுதான் சார்! உடனே மாமா அலறினார். பார்த்தா கேட் கல்தூண்கிட்ட பின்மண்டை உடைஞ்சு கிடக்கறார். நான் ஆக்சிலரேட்டரை மிதிச்சு இடிச்சுட்டேன்னு மாதவ் சொல்றார். அவர் மாமா பக்கத்துலயே நின்னார்."

"மாதவ் யாரு?"

"என் வீட்டுக்காரர். வீட்டை என் பேருக்கு எழுதறேன்னு மாமா நேத்துதான் சொன்னார். நிஜமாவே மிதிச்சுட்டேனோன்னு எனக்கே சந்தேகமா இருக்கு சார்."

அக்ஷதாவின் வீட்டு வாசலில் கார் போலீஸ் சொன்னபடி தொடப்படாமல், கேட்டைப் பார்த்த சரிவில் நின்றது. மாலை போட்ட அந்த வண்டியைப் பார்க்கவே மோலிக்கு என்னவோ போலிருந்தது. மரியராஜ் முன்சக்கரத்தருகே குந்தினார்.

"ஹேண்ட்பிரேக் போட மாட்டீங்களா?"

"இல்ல சார்."

"அதான். வண்டியோட பாரமெல்லாம் பார்க்கிங் கியர் பூட்டு மேல நிக்குது. பிரேக்ல கால் வெச்சு விடுவிச்சாலும் ஒரு விரற்கடை நகர்ந்துதான் நிக்கும்."

"அப்ப அதுதான் இடிச்சுதா?" என்றாள் மோலி.

"இங்க பாரு."

இரண்டு முன்சக்கரங்களுக்கும் முன்னால் எலுமிச்சம்பழங்கள். தோல் வெடித்துச் சாறு கசிந்திருந்தது. பழம் உருண்டையாகவே இருந்தது. தூணோ இரண்டு ஆள் நீளம் தள்ளி இருந்தது.

"அடேயப்பா! தூண்வரை போயிருந்தா சட்னி ஆகியிருக்குமே!"

"பழம் வெச்சது யாரும்மா?"

"மாதவ்தான். வருஷா வருஷம் அவர்தான் வைப்பார்."

கைப்பழக்கத்தில் வைத்ததை அந்தப் பாவி மறந்தே போயிருந்தான்.

"கார் பெரியவரைத் தொடவே இல்லம்மா. பக்கத்துல நின்ன கைதான் தள்ளியிருக்கு. வண்டி அசையும்னு மாதவுக்கும் தெரியும், அதுக்குத்தான் காத்திருந்தார். மாமாவும் போய், நீங்களும் ஜெயிலுக்குப் போனா வீடு யாருக்கு?" திடீரென்று எழுந்தார். "இப்ப ஆஸ்பத்திரியில மாமாகிட்ட யார் இருக்காங்க?"

அக்ஷதாவின் முகம் வெளுத்தது. "மாதவ்... அப்பாவை நான் பார்த்துக்கறேன், நீ போன்னு என்னை அனுப்பிட்டார்."

பெரியவர் நினைவில்லாமல் கிடந்தது மோலி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில்தான்; அவள் அதற்குள் வார்டுக்கு போன் போட்டிருந்தாள்.

"அந்த ரூமா? மகன் உள்ளே தாள் போட்டுக்கிட்டாரே அக்கா," என்றாள் போனை எடுத்த நர்ஸ்.

"கதவை உடைங்கடி!"

ஓடும் சத்தம், இடிக்கும் சத்தம், யாரோ கத்துவது. பிறகு மூச்சிரைக்க அந்த நர்ஸ் சொன்னாள்: "கையில தலையணையோட நின்னார் அக்கா. பிடிச்சுட்டாங்க. பெரியவர் கண்ணைத் திறந்துட்டார். மருமகளை வரச் சொல்றார்."

அக்ஷதா அழுதுகொண்டே கார் கதவில் கை வைத்தாள்.

"ஆட்டோவுல போகலாம்மா," என்றார் மரியராஜ். "போலீஸ் வர்ற வரைக்கும் அந்தப் பழம் அப்படியே இருக்கட்டும்."