வேம்புலிக்குத் தண்ணீர்

பி.ஏ. பாஸ் செய்த நாளிலிருந்து கோதண்டத்தின் கால் தரையில் பாவியதில்லை. பேயாவது பிசாசாவது என்பான். மனிதர்களையே மதிக்காதவன், பேயையா மதிக்கப் போகிறான்?

யுத்தத்துக்காகப் பட்டாளத்தார் எடுத்துக்கொண்ட எங்கள் பூந்தமல்லிக் கல்லூரி விடுதியை, அவர்களே காலி செய்துவிட்டு ஓடினார்கள். உள்ளே யாரோ தண்ணீர் கேட்கிறார்களாம். மாணவர்களும் திரும்பி வர மறுத்தார்கள். உள்ளே போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்று நிரூபிப்பவனுக்கு வார்டன் வேலை என்றார் பிரின்ஸிபால். வேலை கிடைத்தால்தான் கரையான்சாவடி வரலட்சுமியைக் கோதண்டத்துக்குக் கட்டித் தருவார்கள். சூரப்புலி புறப்பட்டது, சாட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு.

உச்சி வெயில். உள்ளே வௌவால் நாற்றம். சாப்பாட்டுக் கூடத்தின் கோடியில் அந்தப் பானை.

வேம்புலி எங்களோடு படித்தவன், சேக்காட்டுச் சேரிக்காரன். பானையை அவன் தொடக்கூடாது. யாராவது சொம்பை உயரத் தூக்கி ஊற்ற, அவன் குனிந்து கை ஏந்திக் குடிக்க வேண்டும். படித்தவர்கள் போட்ட சட்டம், தூ! ஒரு தசரா விடுமுறையில் மற்றவர்கள் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டோம். காய்ச்சலில் கிடந்த வேம்புலிக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு கோதண்டத்துடையது. அவனோ நாடகம் பார்க்கப் பட்டணம் போய்விட்டான். திரும்பி வந்தபோது வேம்புலி பானைக்கு எதிரே செத்துக் கிடந்தான்.

ஏந்திய கை ஏந்தியபடியே.

இப்போதும் பானை நிறைந்திருந்தது. பக்கத்திலேயே அதே சொம்பு.

"யார்ரா ரொப்பினது?" என்றேன்.

"இன்னாடா நாகப்பா, இப்டி வேர்த்துகினு கீறே?" கோதண்டம் சிரித்துக்கொண்டே சொம்பை முக்கினான். "டேய் வேம்புலி! தாகமா கீதா? வா, குடிச்சுட்டுப் போ!"

உயரத் தூக்கி ஊற்றினான்.

தண்ணீர் தரையில் விழவில்லை.

பாதி வழியில் காணாமல் போயிற்று. மடக் மடக்கென்று யாரோ விழுங்கும் சத்தம்.

"வந்துடுடா..." என்றேன்.

"கை இறங்கலடா, நாகப்பா."

சொம்பு காலியான பிறகுதான் கை இறங்கியது. விழுந்தடித்து ஓடி வந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் கோதண்டம் அண்ணாந்து சொம்பைச் சாய்த்தான். எச்சில் படக்கூடாதாம், அந்த நேரத்திலும் ஆசாரம்! தண்ணீர் அவன் வாயை எட்டவில்லை. மடக் மடக். கடைசியில் வாய் வைத்துக்கூடப் பார்த்தான். நாக்கில் ஒரு சொட்டும் படவில்லை.

குனிந்து கை ஏந்தினான். நான் ஊற்றினேன். அப்போதுதான் இறங்கியது.

ஆனாலும் மறுநாள் அந்த வெட்கங்கெட்டவன் பிரின்ஸிபாலிடம் போய், ஒன்றுமில்லை என்று சொல்லி வேலையை வாங்கிக்கொண்டான். கல்யாணமும் நடந்தது. வரலட்சுமி ஊற்ற, வார்டன் ஐயா வேளாவேளைக்குக் குனிந்து குடித்தார்.

தசரா வந்தது. மாணவர்கள் ஊருக்குப் போனார்கள். வரலட்சுமியும் தாய்வீடு போனாள், கேட்டால் ஊற்ற வாட்ச்மேன் இருக்கிறாரே என்று. அவரும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார் என்று பிறகுதான் தெரிந்தது.

விஷயம் கேள்விப்பட்டு விடுதிக்கு ஓடினேன். பானைக்கு எதிரே கோதண்டம் மண்டியிட்டிருந்தான். உதடு வெடித்திருந்தது. கை இரண்டும் ஏந்தியிருந்தன. அவன் என்னைப் பார்க்கவே இல்லை.

"ஊத்துப்பா... வேம்புலி, ஊத்துப்பா..."

பானைக்குள் சொம்பு முங்கும் சத்தம் கேட்டது.

தளும்பத் தளும்ப அது தானாக மேலே வந்தது. கோதண்டத்தின் கைகளுக்கு நேர் மேலே போய் நின்றது.

சாயவில்லை.