பதினோரு பேட்டரியும் ஒரு கொட்டாவியும்

பை நிறையப் பேட்டரி இருக்கும்போது யாராவது இருட்டில் மாட்டிக்கொண்டு தோற்பார்களா? நான் தோற்றேன். பதினோரு பேட்டரி இருந்தது. ஒன்றைக்கூட வெளியே எடுக்கவில்லை.

அன்றிலிருந்து வகுப்பில் என் பெயரே போய்விட்டது. எல்லோருக்கும் நான் 'பதினொண்ணு'தான். டீச்சர் என் நிஜப் பெயரைக் கூப்பிட்டால், அது யாரு என்று பின்வரிசையில் கேட்கிறார்கள்.

நடந்தது இதுதான். எங்கள் நூலக மாடியில் ஒரு பெரிய திரையும் ஒரு விளையாட்டுப் பெட்டியும் வந்து இறங்கின. நான்கு சனிக்கிழமை இருக்கும், பிறகு வேறு நூலகத்துக்குப் போய்விடும் என்று நூலகர் அக்கா சொன்னார். விளையாட்டின் பெயர் 'இருட்டு விடுதி'. இரண்டு பேர் சேர்ந்து ஆட வேண்டும். விடுதி முழுக்க நிழல்கள் அலையும். நிழல் தொட்டால் அவுட். ஒருவர் அவுட்டானாலும் இருவருக்கும் ஆட்டம் முடிந்தது.

கையில் ஒரு டார்ச் உண்டு. ஒரு பேட்டரி போட்டால் ஒரே ஒரு மின்னல் வெளிச்சம். அது பட்டால் நிழல் கரைந்துவிடும். ஆளுக்கு நான்கு பேட்டரி தருவார்கள். இன்னும் ஆறு, விடுதியின் இழுப்பறைகளில் ஒளிந்திருக்கும். அவ்வளவுதான். கடை கிடை எதுவும் கிடையாது.

கடைசியில் ஒரு கூடம். அங்கே வெளிக்கதவை அடைத்துக்கொண்டு கூரை உயரத்துக்கு ஒரு நிழல் தூங்கும். அதற்கு நாங்கள் 'கொட்டாவி' என்று பெயர் வைத்தோம். எழுந்ததும் முதல் வேலையாக ஆவென்று வாயைத் திறக்கும். உடம்பில் வெளிச்சம் அடித்தால் அதற்கு உறைக்கவே உறைக்காது. திறந்த வாய்க்குள் அடித்தால் மட்டும் ஒரு சுற்று சிறுத்துப் போகும்.

முதல் சனிக்கிழமை நானும் ரேடியோவும் ஜோடி. ரேடியோ என் வகுப்புப் பையன். வாய் மூடவே மாட்டான், அதனால் அந்தப் பெயர். நாங்கள் கொட்டாவி வரைக்கும் போய்விட்டோம். அவனுடைய நான்கில் ஒன்றை நான் வழியிலேயே வாங்கி வைத்திருந்தேன். மீதி மூன்றையும் அவன் அடித்துத் தீர்த்துவிட்டு, குடு குடு என்று கத்தினான். நான் கொடுக்கவில்லை. இதைவிடப் பெரியது ஒன்று வந்தால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் கொட்டாவி எங்கள் இருவரையும் தொட்டுவிட்டது.

நான் அப்படித்தான். புது அழிப்பானைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பழசைத் தேய்த்துத் தேய்த்துக் கடுகளவு ஆக்குவேன். ரேடியோ அன்றே வேறு ஜோடி தேடிக்கொண்டான். அடுத்த இரண்டு சனிக்கிழமையும் நான் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். ஒரு ஜோடிகூட விடுதியை விட்டு வெளியே வரவில்லை. நான்காவது சனிக்கிழமைதான் கடைசி வாய்ப்பு. அன்று வெளியே வந்து காட்டவில்லை என்றால் கல்லூரி போகும்வரை நான் பதினொண்ணுதான். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

யாரும் ஜோடி சேர மாட்டேன் என்கிறார்கள் என்று வீட்டில் அழுதபோது, அப்பா சட்டென்று தான் வருவதாகச் சொன்னார்.

அப்பா லாரி ஓட்டுகிறார். வாரத்தில் நான்கு நாள் வெளியூர். மலைப்பாதை, மழை, பிரேக் பிடிக்காத இறக்கம் எதற்கும் அசைய மாட்டார். ஆனால் அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கரப்பான்பூச்சியப் பாத்தா நாற்காலி மேல ஏறுற ஆளு, பேயோட சண்டை போடப் போறாராம்" என்றாள்.

அப்பா கேட்காத மாதிரி சட்டையை மாட்டினார்.

ஒரு ஜோடிக்கு மூன்று முறை அனுமதி. முதல் முறை முதல் அறையிலேயே முடிந்தது. அப்பா திரைச்சீலைக்கு ஒரு பேட்டரி செலவழித்தார். கோட்டு மாட்டும் கம்பத்துக்கு ஒன்று. மீதி இரண்டையும் நிலைக்கண்ணாடியில் தெரிந்த தன் உருவத்தின் மேலேயே அடித்தார். நிஜ நிழல் வந்தபோது அவரிடம் எதுவும் இல்லை. பின்னால் வரிசையில் நின்ற பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

இரண்டாம் முறை அவருடைய நான்கையும் நானே வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். என்னிடம் இருந்தால் பத்திரமாக இருக்கும் என்று நினைத்தேன். நீண்ட நடையில் ஒரு நிழல் அப்பாவுக்கு நேர் எதிரே வந்து நின்றது.

"ஒண்ணே ஒண்ணு குடும்மா" என்றார் அப்பா. குரல் கம்மியது.

கொடுத்திருக்கலாம். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம், இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று நான் தள்ளிக்கொண்டே போனேன். நிழல் மெல்ல மெல்ல வந்து அப்பாவைத் தொட்டது. திரையில் என் பையைக் காட்டினார்கள். ஒன்பது பேட்டரி மிச்சம்.

"முன்னேற்றம்தான், ரெண்டு கொறஞ்சிருக்கு" என்றான் ரேடியோ.

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் என் தலையில் கை வைத்தார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. என் அப்பா பயந்து போய்க் கேட்டும் நான் கொடுக்கவில்லை. அந்த வெட்கம் எனக்கு எந்தப் பட்டப்பெயரையும்விட அதிகமாக வலித்தது.

அடுத்த முறை வர அரை மணி நேரம் இருந்தது. படிக்கட்டில் போய் உட்கார்ந்தோம். நான் மன்னிப்புக் கேட்டேன். அப்பா அதை அங்கேயே விட்டுவிட்டு, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

தண்ணீர் குடிக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. மற்ற எல்லோரையும் நிழல்கள் பாய்ந்து வந்து பிடிக்கின்றன. அப்பாவிடம் மட்டும் அது ஏன் அவ்வளவு மெதுவாக வந்தது?

"அப்பா, நீ ஏன் ஓடல?"

"எங்க ஓடறது? கால் வரல. கண்ண எடுக்கவே முடியாம அதையே பாத்துக்கிட்டு நின்னேன்" என்றார், கொஞ்சம் கூச்சத்தோடு.

நான் குதித்து எழுந்தேன். அதுதான் விஷயம். நாங்கள் எல்லோரும் நிழலைக் கண்டதும் முதுகைக் காட்டி ஓடுகிறோம். முதுகைக் கண்டால் அது பாய்கிறது. முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அதனால் ஓரடி ஓரடியாகத்தான் வர முடிகிறது. மூன்று சனிக்கிழமையாக இத்தனை பேர் ஆடியும் யாருக்கும் இது தெரியவில்லை. ஏனென்றால் அப்பா அளவுக்கு யாரும் பயப்படவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். நிழலைப் பார்த்தபடியே பின்னால் நடந்தால் ஒரு பேட்டரிகூடச் செலவில்லாமல் நடையைத் தாண்டிவிடலாம். மொத்தப் பதினான்கையும் கொட்டாவிக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு சிக்கல். தரை முழுக்கப் பூஜாடிகள். பின்னால் நடந்து ஒன்றை இடித்தாலும் சத்தம் கேட்டு விடுதியே திரண்டு வந்துவிடும்.

அப்பா முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பின்னால போகணும், எதையும் இடிக்கக் கூடாது. அவ்வளவுதான? பதினேழு வருஷமா நான் வேற என்ன பண்றேன்?"

உண்மைதான். சந்துக்குள் லாரியைப் பின்னால் எடுப்பதில் அப்பாவை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் அதற்கு ஒரு கிளீனர் வேண்டும். கிளீனர் பின்பக்கம் நின்று குரல் கொடுப்பார், அப்பா அந்தக் குரலை நம்பி வண்டியை விடுவார்.

"நான்தான் கிளீனர்" என்றேன்.

"சரி. ஆனா கிளீனர் பதறக் கூடாது. நீ பதறினா நான் இடிப்பேன்."

மூன்றாம் முறை. எட்டுப் பேட்டரியில் நான்கை அப்பாவிடமே விட்டுவைத்தேன். இரண்டாவது அறையில் முதல் நிழல் வந்தது. அப்பாவின் விரல் பொத்தானுக்குப் போனது.

"வேணாம்ப்பா. அதையே பாரு. நான் பின்னாடி இருக்கேன். வரட்டும்... வரட்டும்..."

அப்பா பின்னால் அடி வைத்தார். நிழலும் ஓரடி வந்தது.

"வரட்டும்... கொஞ்சம் வலது பக்கம் ஒடி... நேர் பண்ணு... வரட்டும்... போதும், நில்லு. ஜாடி இருக்கு. இப்ப இடது."

ஒரு ஜாடி, இரண்டு ஜாடி, ஏழு ஜாடி தாண்டினோம். அப்பாவின் தோள் மெல்ல இறங்கியது. உதட்டைக் குவித்து ஏதோ பாட்டைச் சீட்டியடிக்கத் தொடங்கிவிட்டார். லாரியில் இருக்கிறோம் என்றே நினைத்துவிட்டார் போல. நிழல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து சேர்ந்துவிட்டன. வழி விடாத வண்டிகள் மாதிரி அப்பாவுக்கு முன்னால் வரிசை கட்டி ஊர்ந்து வந்தன. நான் முன்னே போய் இழுப்பறைகளைத் திறந்து பேட்டரிகளைப் பொறுக்கிக்கொண்டேன்.

பின்னால் சிரிப்புச் சத்தம் நின்றுபோயிருந்தது. ரேடியோகூட வாயை மூடியிருந்தான்.

கூடத்துக்குள் நுழைந்து கதவைச் சாத்தினோம். அது சாதாரண மரக்கதவு. நிழல்கள் அதைத் தட்டத் தொடங்கின. உடைய அதிக நேரம் ஆகாது. எங்களிடம் பதினான்கு பேட்டரியும் முழுசாக இருந்தன. என்னிடம் பத்து, அப்பாவிடம் நான்கு.

என் விரல் பைமேல் நின்றது. அப்பாவிடம் கொடுத்தால் மறுபடி எதையாவது பார்த்துப் பயந்து வீணாக்கிவிடுவாரோ என்று ஒரு நொடி தோன்றியது. அப்புறம், ஒண்ணே ஒண்ணு குடும்மா என்று கேட்ட குரல் ஞாபகம் வந்தது. மூன்றை எடுத்து அவருக்குத் தள்ளினேன். ஆளுக்கு ஏழு.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எப்ப அடிக்கணும்னு நீ சொல்லு" என்றார்.

நான் ஒரு ஜாடியை எட்டி உதைத்தேன். கொட்டாவி எழுந்தது. கூரையைத் தொட்டுக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பியது. அப்பாவின் டார்ச் உடனே மின்னியது. வெளிச்சம் அதன் வயிற்றில் பட்டு வீணாகப் போனது.

"தப்பு பண்ணிட்டேன்" என்றார் அப்பா.

"பரவால்லப்பா. இன்னும் பதிமூணு இருக்கு. வாயைப் பாரு. நில்லு... நில்லு... இப்ப."

இரண்டு டார்ச்சும் ஒன்றாக மின்னின. கொட்டாவி அலமாரி உயரத்துக்கு இறங்கியது. எங்கள் பக்கம் தவழ்ந்து வந்தது. இருவரும் பின்னால் அடி வைத்தோம். மறுபடி வாய் திறந்தது. "இப்ப." மறுபடி. "இப்ப." அது நாற்காலி உயரம் ஆனது, பிறகு நாய் உயரம். மரக்கதவில் விரிசல் விழுந்து, அதன் வழியே நிழல்கள் கசியத் தொடங்கின.

அப்பாவிடம் தீர்ந்துவிட்டது. என்னிடம் ஒன்றே ஒன்று. கொட்டாவி இப்போது பூனை அளவுதான், ஆனால் அது முழுசாகக் கரையாமல் வெளிக்கதவு திறக்காது. பின்னால் ஐந்து நிழல்கள் உள்ளே வந்துவிட்டன.

வைத்துக்கொள், வைத்துக்கொள் என்று எனக்குள் பழைய குரல் கேட்டது. இதை அடித்துவிட்டால் அந்த ஐந்துக்கு என்ன செய்வாய் என்றது.

நான் யோசித்தேன். இந்த விடுதியைச் செய்தவர்கள் பதினான்கு பேட்டரி வைத்திருக்கிறார்கள். ஒன்றாவது பத்திரப்படுத்துவதற்காக வைத்திருப்பார்களா? எல்லாமே வெளியே போவதற்குத்தான். வெளியே போகும் கதவு இதோ எதிரில் இருக்கிறது. இதற்கு மேல் நான் எந்த நாளுக்குச் சேர்த்து வைப்பது?

கொட்டாவி பூனை வாயைத் திறந்தது. நான் அழுத்தினேன்.

அது ஒரு புள்ளியாகிப் புஸ்ஸென்று போனது. வெளிக்கதவு தானாகத் திறந்தது. விடுதிக்கு வெளியே விடிந்திருந்தது. காலை வெயில் கூடம் முழுக்கப் பாய்ந்தது. எங்கள் முதுகைக் கண்டு பாய்ந்த ஐந்து நிழல்களும் அந்த வெளிச்சத்தில் இருந்த இடம் தெரியாமல் போயின.

'இருவரும் வெளியே வந்துவிட்டார்கள்' என்று திரையில் எழுத்து வந்தது.

மாடியில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். கூரை அதிர்ந்தது. அப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு சுற்றினார். எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து கொட்டின. நூலகர் அக்கா எங்களைப் படம் எடுத்து, வாசல் பலகையில் ஒட்டப்போவதாகச் சொன்னார். ரேடியோ கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு வந்து, என் பெயரைச் சொல்லி, என் நிஜப் பெயரைச் சொல்லி, எப்படிச் செய்தோம் என்று கேட்டான்.

நான் ஒளித்து வைக்கவில்லை. எல்லாவற்றையும் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தேன். பெட்டியைக் கட்டி எடுத்துப் போக இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. பிள்ளைகள் ஜோடி ஜோடியாகப் பிரிந்து புத்தக அலமாரிகளுக்கு நடுவே ஒத்திகை பார்க்கத் தொடங்கினார்கள். எங்கு பார்த்தாலும் "வரட்டும், வரட்டும், வலது ஒடி" என்ற குரல்தான். அப்பா நடுவில் நின்று, யார் நன்றாகப் பின்னால் எடுக்கிறார்கள் என்று மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார். நூலகர் அக்கா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

அன்று மாலை மூடும்வரை எங்கள் நூலகத்தில் ஒருவர்கூட முன்னால் பார்த்து நடக்கவில்லை.