கோகிலவாணியின் பொழுதுபோக்கு

விடிந்தால் பாதி உலகம் கோகிலவாணியிடம் திட்டு வாங்கித்தான் எழுந்தது. திருப்பூரில் தனியறையில் கிடக்கும் இளைஞன், டொராண்டோவில் இரவுப்பணிக்குக் கிளம்ப வேண்டிய நர்ஸ், எல்லோருக்கும் அவள் குரல்தான்.

"ஏஞ்சாமி, இன்னும் எந்திரிக்கலையா? சூரியன் வந்து உன்ற முதுகு மேல குந்தியிருக்குது பாரு!"

வசவின் பின்னாலேயே "சாப்புட்டுப் போ கண்ணு" என்றும் வரும்.

திட்டியது அவளுடைய மறுகுரல். ஒருவரின் பேச்சையும் கோபத்தையும் பரிவையும் கற்றுக்கொண்டு, அவர் வேறு வேலை பார்க்கும்போதும் ஆயிரம் பேரிடம் ஒரே சமயத்தில் பேசும் பொறி அது. கேட்பவர்கள் கட்டும் சந்தா இணையம் வழியே அவள் பெயரில் சேர்ந்தது.

மறுகுரல் வைத்திருப்பவர்களைச் சட்டம் இரண்டாகப் பிரித்திருந்தது. பதிந்துகொண்டால் சுயதொழில், வரி உண்டு. பதியாமல் வருமானத்தை ஒரு வரம்புக்குள் வைத்துக்கொண்டால் பொழுதுபோக்கு.

கோகிலவாணியின் கணவர் நவநீதன் பனியன் கம்பெனியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். தை பிறந்ததும் வரம்பு நெருங்கிவிட்டதா என்று பார்ப்பார். நெருங்கியிருந்தால் மார்ச் முடியும்வரை மறுகுரலின் வாயை அடைத்துவிடுவார். அந்த நாட்களில் அவளுடைய சந்தாதாரர்கள் வேலைக்குத் தாமதமாகப் போனார்கள்.

"பதிஞ்சே போடலாமுங்க" என்பாள் அவள்.

"எதுக்கு? நாளைக்கே சனம் வேற குரலுக்குப் போயிட்டா? வருமானம் நிலையா வரட்டும், அப்பறம் பாக்கலாம்."

"வருமானத்துக்குச் சொல்லலீங்க. எந்தப் பாரத்தை நெரப்புனாலும் தொழில்ங்கற எடத்துல எனக்கு ஒரு கோடு போட்டு உட்டர்றீங்க. பாத்துப் பாத்து நான் ஒரு ஆளே இல்லையோன்னு இருக்குது."

"கோட்டுக்கு வரி இல்ல, தெரியுமா?"

அவள் சிரித்துவிட்டாள். அவள் சிரித்துவிட்டால் பேச்சு முடிந்ததாக அவருக்கு நினைப்பு.

ஆவணியில் ஒரு காலை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்த கோகிலவாணி எழவில்லை. காரியம் முடிந்த மறுநாள் மறுகுரலும் நின்றது.

நவநீதன் பதிவு அலுவலகத்துக்கு ஓடினார். அங்கே செங்கதிர் என்ற இளம் அலுவலர் எழுந்து நின்று அவருக்கு நாற்காலி போட்டார்.

"செத்தவங்க குரல் ஊரெல்லாம் சுத்தக் கூடாதுன்னுதானுங்கய்யா சட்டம். தொழிலா இருந்தா வாரிசு எடுத்து நடத்தலாம். பொழுதுபோக்கு ஆளோட போயிரும்."

"தொழில்தானுங்க தம்பி! எத்தனை பேரு அவளை நம்பி..."

"எனக்குத் தெரியாதுங்களா?" என்று செங்கதிர் திரையைத் திருப்பினார். வருடந்தோறும் நவநீதனே அனுப்பிய உறுதிமொழி அதில் இருந்தது: 'என் மனைவி இதை விளையாட்டாகவே செய்கிறார். தொழில் செய்யும் எண்ணம் அவருக்கு இல்லை.' சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதுவதில் அவர் கெட்டிக்காரர்.

"பழைய வரியெல்லாம் கட்டிர்றேன். அபராதம் போடுங்க."

"வாங்க வழியில்லீங்கய்யா. எண்ணமே இல்லைன்னு நீங்களே சொல்லியிருக்கறீங்க."

நவநீதன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "அவ பேசுனது ஏதாச்சும் கெடைக்குமா? வீட்ல ஒண்ணுகூடப் புடிச்சு வெக்கலை. பக்கத்துல இருக்கறவளை எதுக்குன்னு..."

"காசு கட்டிக் கேட்டவங்களுக்குத்தான் கேட்டது சொந்தம்" என்ற செங்கதிர் சற்றுத் தயங்கி, சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். "என்னையும் இந்த அம்மாதான் எழுப்புவாங்க. கேக்கறீங்களா?"

கோகிலவாணியின் குரல் அறையில் எழுந்தது. "எந்திரி கண்ணு! ஆபீசுல உனக்காகச் சனம் காத்துக் கெடக்கும், நீ இங்க போர்வைக்குப் பொறந்தவனாட்டம் சுருண்டுக்கிட்டு!"

அதன்பின் செங்கதிரின் தூக்கம் கலையாத குரல்: "அம்மா, இவ்வளவு நல்லாப் பண்றீங்க. தொழில்னு வந்து பதிஞ்சுக்கலாமில்ல?"

"எனக்கும் ஆசைதான் சாமி. எங்கூட்டுக்காரரு நேரம் பாத்துச் செய்வாரு. அவரு யோசிச்சு ஒண்ணு செஞ்சாருன்னா அது எனக்கு நல்லதுக்காத்தான் இருக்கும். நீ மொதல்ல போயிப் பல்லை வெளக்கு."

செங்கதிர் அவசரமாகப் போனை அணைத்தார்.

மறுகுரலுக்குத் தானாக எதையும் நம்பத் தெரியாது. அவளிடம் இருந்ததை மட்டுமே அது எடுத்துப் பேசும்.