இறங்காதவள்

பேருந்தின் இறங்கும் வாயிலில் இருந்த கருவி அன்று ஒலிக்கவில்லை. ஒலிக்கவில்லை என்பதே அவளுக்குச் சாலையோரத்தில் கால் ஊன்றிய பிறகுதான் உறைத்தது. ஒரு தோளில் அச்சுப் பிழை திருத்த எடுத்துவந்த மெய்ப்புத் தாள்கள் அடைத்த பை, மறு கையில் நீர் சொட்டும் குடை, முதுகில் பின்னால் நின்றவர்களின் முழங்கைகள்; பயண அட்டையை எடுத்துக் கருவியில் காட்டுவதற்குள் கூட்டம் அவளை வெளியே தள்ளிவிட்டிருந்தது. திரும்பி ஏறிக் காட்டிவிடலாம் என அவள் எண்ணிய நொடியில் கதவுகள் பெருமூச்சு விட்டு மூடிக்கொண்டன. மழைநீர் வழியும் கண்ணாடிக்குப் பின்னால், சற்று முன்வரை அவள் அமர்ந்திருந்த சன்னலோர இருக்கையில் அதற்குள் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். இந்த நெரிசலில் இடம் காலியாகவா இருக்கும் என்று தன்னையே கடிந்துகொண்டாள்.

வழக்கமாக அவள் இறங்குவது அடுத்த நிறுத்தத்தில். அவள் குடியிருந்த அடுக்ககத்தின் பின்வாசலுக்கு எதிரிலேயே அது இருந்தது. ரொட்டி வாங்க வேண்டியிருந்ததால் அன்று ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கினாள்.

ஓராண்டுக்கு முன்புவரை அவளுடைய கைப்பைக்குள் பயண அட்டையும் கடை அட்டைகளும் நூலக அட்டையும் சாவிக்கொத்தும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிக் கிடந்தன. இப்போது எல்லாவற்றுக்கும் ஒன்றே. பேருந்தில் காட்டினால் பயணம். கடையில் காட்டினால் சலுகை. அடுக்ககத்தின் இரும்புக் கதவில் காட்டினால் கதவு திறப்பதோடு, மூன்றாம் மாடியில் அவள் வீட்டுக்குள் ஒரு மணியும் ஒலிக்கும். பள்ளி விட்டு வந்து தனியே காத்திருக்கும் எட்டு வயது மகள் அந்த மணியைக் கேட்டால்தான் தாழை விலக்குவாள். வேறு யார் தட்டினாலும், யார் குரல் கொடுத்தாலும், திறக்கக் கூடாது. இந்த ஒழுங்கை வகுத்தவள் அவளே. கணவன் இல்லாத வீட்டில் ஒழுங்கே காவல் என்பது அவளுடைய நம்பிக்கை.

கடையில் விலை போடும் பெண் அட்டையை வாங்கிக் கருவியில் வைத்தாள், மீண்டும் வைத்தாள், பிறகு சிரித்தாள்.

"அக்கா, நீங்க இன்னும் பஸ்ஸை விட்டே இறங்கலைன்னு காட்டுது."

"அப்போ உன் முன்னாடி நிக்கிறது யாராம்?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன். எதுக்கும் காலைக் கொஞ்சம் காட்டுங்க, தரையில படுதான்னு பாப்போம்." வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். "இறங்குறப்ப காட்ட மறந்திருப்பீங்க. இது நம்மளை நம்பாதுக்கா, கார்டைத்தான் நம்பும்."

அவளும் சிரிக்க முயன்றாள். ரொட்டியை மேசைமேலேயே விட்டுவிட்டு வெளியே வந்தபோது ஆறு மணிகூட ஆகியிருக்கவில்லை. ஆயினும் மழை வானத்தைக் கூரைகளின் உயரத்துக்கு இறக்கி வைத்திருந்தது. ஈரச் சுவரின் வாடையும், எங்கோ சூடேறும் கம்பியின் வாடையும், சாக்கடைக்குள் நீர் விழுங்கப்படும் ஓசையும் தெருவெங்கும் நிறைந்திருந்தன. சாலையில் வண்டிகள் அசையாமல் நின்றன. அவள் இறங்கிய பேருந்தும் அந்த நெரிசலில் எங்கோதான் ஊர்ந்துகொண்டிருக்கும்.

கைப்பேசி அதிர்ந்தது. அட்டை நிறுவனத்தின் செய்தி.

அந்த நிறுவனம் அனுப்பும் செய்திகளை அவள் நன்கு அறிவாள். அவள் பணிபுரிந்த அச்சகத்துக்குத்தான் அவை திருத்தத்துக்கு வந்தன. மொத்தம் நான்கே வாக்கியங்கள்: பயணத்தைத் தொடங்கியுள்ளீர்கள். பயணத்தை முடித்துள்ளீர்கள். அட்டை ஏற்கப்பட்டது. அட்டை ஏற்கப்படவில்லை. முதல் வாக்கியத்தில் விடுபட்டிருந்த 'த்' என்னும் ஒற்றைச் சேர்த்தவள் அவள். ஐந்தாவது வாக்கியம் என ஒன்று கிடையாது.

திரையில் இருந்தது ஒரே சொல்.

*வந்துகொண்டிருக்கிறேன்.*

பழக்கத்தினால் அவள் கண் முதலில் பிழையைத்தான் தேடியது. எழுத்துப் பிழை இல்லை. சொற்பிரிப்பும் சரி. ஈற்றில் 'ஏன்' விகுதி, தன்மை ஒருமை. எந்த இயந்திரம் தன்னைத் தன்மையில் குறிப்பிடும்?

நடந்துகொண்டே உதவி எண்ணை அழைத்தாள். இளைஞன் ஒருவனின் குரல், மனப்பாடம் செய்த பணிவோடு வந்தது.

"பதற்றப்படாதீங்க மேடம். இறங்குறப்ப கார்டைக் காட்டினா பயணம் முடிஞ்சிடும்."

"நான் இறங்கியாச்சு தம்பி. வீட்டுக்கு நடந்துபோயிட்டிருக்கேன்."

"இல்லையே மேடம், பஸ்லதான் இருக்கீங்க." விசைகள் தட்டப்படும் ஓசை. "கேமராவிலேயே தெரியுதே. ஜன்னல் ஓரம், மடியில பை, குடை. கார்டுல இருக்கிற போட்டோவும் அதே முகம்தான்."

"அது நான் இல்லைங்க."

அவன் தயங்கினான். "நீங்க பேசறப்ப இங்கேயும் வாய் அசையுது, மேடம். ஆனா கையில போன் இல்லை."

அவள் உதடுகளை இறுக மூடிக்கொண்டாள். மழை குடைமேல் விழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று மூச்சுகள்.

"நீங்க நிறுத்திட்டீங்க," என்றான் அவன் தாழ்ந்த குரலில். "அவங்க நிறுத்தலை."

பிறகு விசைகளின் ஓசை, பழைய பணிவு. "இறங்கிட்டாங்க மேடம். கார்டைக் காட்டி முறையா இறங்கிட்டாங்க. உங்க பிரச்சினை தீர்ந்தது. வேற ஏதாவது உதவி வேணுமா?"

அவள் ஓடினாள். அட்டை அவள் உள்ளங்கையில்தான் இருந்தது. அதன் விளிம்பு தோலை அறுக்கும் அளவுக்கு இறுகப் பற்றியிருந்தாள். முன்வாசலின் கருவியில் அதை வைத்தாள். சிவப்பு. துடைத்து வைத்தாள். சிவப்பு. கம்பிகளுக்கு அப்பால் கண்ணாடி அறையில் காவலாளி திரையைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார். அறிவிப்புப் பலகையில் இருந்த அவருடைய பிழைகளை அவள் திருத்திய நாள்முதல், அவளை 'டீச்சரம்மா' என்றே அழைப்பவர்.

"அண்ணே! கார்டு எடுக்க மாட்டேங்குது. கொஞ்சம் திறந்து விடுங்க!"

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் பகை இல்லை, எரிச்சல்கூட இல்லை. அறிமுகமற்றவர்களுக்கென அவர் வைத்திருக்கும் மரியாதை மட்டுமே இருந்தது.

"யாரைப் பாக்கணும்?"

"அண்ணே, நான்தான். மூணாவது மாடி."

"டீச்சரம்மா வீடா? அவங்க இப்பதானே பின்வாசல் வழியா மேல போனாங்க. இருங்க, போன் பண்ணி உங்களை அனுப்பலாமான்னு அவங்களையே கேக்கறேன்."

"கேக்காதீங்க!"

அவர் கேட்டார். காதில் வைத்து, தலையாட்டி, சிரித்து, வைத்தார். "வேண்டாம்னுட்டாங்கம்மா. தெரியாதவங்களாம்." கம்பிகளை அவள் உலுக்கினாள், இரும்பு இம்மியும் அசையவில்லை. சாவித் துவாரத்தைக்கூட அட்டை வந்தபோதே அடைத்துவிட்டிருந்தார்கள்.

மகளின் எண்ணை அழுத்தினாள். இரண்டாவது ஒலிப்பிலேயே எடுத்தாள் குழந்தை.

"செல்லம், அம்மா பேசறேன். கதவைத் திறந்துடாதே. யார் வந்தாலும் திறக்காதே."

"மணி அடிச்சுதே. திறந்துட்டேனே."

"வீட்டுல யார் இருக்கா?"

"வேற யாரும் இல்லை. நாங்கதான்."

*நாங்க.*

கேட்பவரையும் சேர்த்தால் 'நாம', விலக்கினால் 'நாங்க'. வாழ்நாளெல்லாம் பெரியவர்களின் தாள்களில் அவள் திருத்திய பிழை இது. பேச்சில் இந்த வேற்றுமையைக் குழந்தைகூடத் தவறவிடுவதில்லை. மகளும் தவறவிடவில்லை.

"நான் உன் அம்மாடா," என்றாள். தன் குரல் தனக்கே அயலாகக் கேட்டது.

குழந்தை கைப்பேசியிலிருந்து வாயை விலக்கி யாரிடமோ ஏதோ கேட்டாள். பதில் கேட்கவில்லை. ஆனால் பதிலின் நீளத்துக்கு ஓர் அமைதி இருந்தது.

"அம்மா வைக்கச் சொல்றாங்க," என்றாள் குழந்தை. அழைப்பு துண்டிக்கப்பட்டது.

அவள் குடையைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தாள். மழை கண்களுக்குள் விழுந்தது. மூன்றாம் மாடி. அவளுடைய சன்னல். விளக்கு எரிந்தது.

திரை விலகியது.

மகள் தெரிந்தாள். சீருடையில். மூக்கு கண்ணாடியில் அழுந்தியிருந்தது. பின்னால் ஒருத்தி, தோளிலிருந்து நீர் சொட்ட. முகம் விளக்கின் மறைவில். கீழிருந்து அவள் மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேலே எவரும் அசையவில்லை.

பிறகு குழந்தையின் கை எழுந்தது. விடைகொடுக்கும் கை. இடம், வலம். இடம், வலம். மிக ஒழுங்காக.

குழந்தையின் முகத்தில் சிரிப்பு இல்லை. வாய் அழுகைக்குக் கோணியிருந்தது. அந்தச் சிறிய மணிக்கட்டை ஈரமான விரல்கள் பற்றியிருந்தன. அவையே அதை ஆட்டிக்கொண்டிருந்தன.