சலூன்காரனின் வெறுந்தலை

மழை சட்டென்று வலுத்தது. தலையைக் குனிந்துகொண்டு சாலையின் குறுக்கே ஓடினாள் அவள். ஸ்கூட்டரில் வந்தவன் அவளை இடிக்காமல் இருக்க பிரேக்கை அழுத்தியதில்... ஸ்கூட்டர் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம்!

பதறிப்போய் அவன் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிசியோதெரபிஸ்ட் ஆயிற்றே! எலும்பு முறியவில்லை, சுளுக்குதான். நிமிர்ந்தாள். இமை நுனியில் மழைத்துளி தொங்க, அந்தக் கண்கள் அவளையே... தப்பு என்னவோ அவள்மேல்தான். ஆனாலும் கோபத்தை வரவழைத்துக்கொண்டாள்.

"ஹெல்மெட் எங்க?"

"சலூன் வச்சிருக்கேங்க. இந்த முடிதான் எனக்கு விளம்பரம். மூடி வச்சா எப்படி?"

"தலை இருந்தாத்தானே முடி!"

மணிக்கட்டுப் பயிற்சிக்கு அவளுடைய கிளினிக்குக்கே வந்து சேர்ந்தான். வரும்போதெல்லாம் வாக்குவாதம். விபத்துக் கணக்குச் சொன்னாள், எக்ஸ்ரே காட்டினாள். அவள் ஒன்று சொன்னால் அவன் ஒன்பது சொன்னான். வேர்க்குமாம், மூச்சு முட்டுமாம், முடி கொட்டுமாம்... மற்றதிலெல்லாம் மெழுகாய் உருகுகிறவன், இதில் மட்டும் கருங்கல்.

கடைசியில் அவளுக்கும் ரோஷம் வந்தது. 'எக்கேடோ கெடட்டும். இவன் யார் எனக்கு?' கையை மடக்கு, நீட்டு என்பதற்குமேல் வாய் திறக்கவில்லை. அவன் அடித்த ஜோக்குக்கெல்லாம் உம்மென்று இருந்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தனியாகச் சிரித்தாள்.

பயிற்சி முடிந்த நாளும் மழை. "வரேங்க..." என்று வெறுந்தலையோடு ஸ்கூட்டரில் ஏறினான். வாசலுக்கு ஓடி வந்தாள். இத்தனை நாள் அடுக்கிய நியாயங்களில் ஒன்றுகூட நாக்குக்கு வரவில்லை.

"எனக்குப் பயமா இருக்கு... ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாலே நீங்களோன்னு நெஞ்சு அடிச்சுக்குது. போதுமா?"

அவன் இறங்கிவிட்டான்.

"நீங்க சொல்றது சரின்னு முதல் நாளே தெரியுங்க. ஒத்துக்கிட்டா தோத்த மாதிரி இருந்துச்சு... வீம்பு. அப்புறம்..."

"அப்புறம்?"

"ஒத்துக்கிட்டா சண்டை முடிஞ்சிடுமே. அதுக்கப்புறம் எதைச் சாக்கா வச்சு உங்ககிட்ட பேசறது?"

அவளுக்குக் காது வரை சூடேறியது.

"இப்பவே போய் ஹெல்மெட் வாங்கறேன். ஆனா ஒண்ணு. உங்களைப் பிடிச்சிருக்கு. ஏன்னு கேட்டா ஒரு காரணம்கூட சொல்லத் தெரியாது."

"காரணம் யாரு கேட்டா?" என்றாள் அவள்.