முத்திரை உடையாத மருந்து

“என் ஓரகத்திதான் கெடுத்தா. சத்தியமாச் சொல்றேன்!”

துப்பறிவாளர் அம்மாளின் எதிரே அமர்ந்திருந்த மருந்து ஆராய்ச்சியாளருக்கு மூச்சு வாங்கியது. அவள், அவள் கணவன், கணவனின் அண்ணி மூவருக்கும் ஒரே மருந்து ஆய்வுக்கூடத்தில் வேலை. அந்த அண்ணி தொட்டதெல்லாம் துலங்கும் என்று மாமியார் சொல்லும்போதெல்லாம் இவளுக்கு வயிறு பற்றி எரியும்.

தண்ணீரில் கரையாத மருந்து ஒன்றை இவள் நானோ துகள்களாக அரைத்திருந்தாள். குடல் உறிஞ்ச வேண்டுமானால் துகள் அவ்வளவு சிறிதாக இருக்க வேண்டும். பால்போல் இருந்த அந்தக் கலவை, நேற்று இவளே ஒட்டிய முத்திரை நாடாவை இன்று காலை மேலதிகாரி கிழித்துப் புட்டியைத் திறந்தபோது கட்டி கட்டியாகக் கிடந்தது. நாளைக்குள் நல்லதைக் காட்டாவிட்டால் திட்டம் ஓரகத்தி கைக்குப் போய்விடும்.

“காலையில அரை மணி நேரம் அவ புட்டியோட தனியா இருந்தா.”

“அதுக்கு முன்னாடி?”

“ராத்திரி எங்க வீட்டு ஃபிரிட்ஜ்ல, பால் பக்கத்துல. அவளை நம்பாம நானே தூக்கிட்டுப் போனேன். அவளும் மாமியாரும் வேற வீடு, அங்க வரமாட்டா.”

மாலையில் மூவரையும் ஆய்வுக்கூடத்தில் உட்காரவைத்தார் துப்பறிவாளர்.

“உப்பைப் போட்டிருப்பாங்க மேடம்!” என்றான், ‘அவசரம்’ என்று பெயர் வாங்கிய அவருடைய உதவியாளன்.

“முத்திரை உடையலையே, எப்படிப் போடுறது? இயந்திரத்துல ஒட்டி மிச்சமிருந்த கொஞ்சம் நல்ல கலவையை உறையவெச்சு உருக்கிப் பார்த்தேன். இதே கட்டி. பனிக்கட்டி துகளையெல்லாம் நெருக்கித் தள்ளிடுது. ஒட்டினது அப்புறம் பிரியறதில்ல.”

“ஃபிரிட்ஜே உறையவெச்சிருந்தா?” என்றான் உதவியாளன்.

துப்பறிவாளர் ஆராய்ச்சியாளர் பக்கம் திரும்பினார். “பக்கத்துல பால் உறைஞ்சிருந்துச்சா?”

“இல்ல,” என்றாள் அவள்.

“இவ்வளவு பெரிய புட்டி அரை மணி நேரத்துல உறைஞ்சு உருகாது. லேபிளைப் பாருங்க, மை கழுத்துவரை கரைஞ்சிருக்கு. ராத்திரி ஃபிரீசர்ல உறையவெச்சு, விடியறதுக்குள்ள வெந்நீர்ல நிறுத்தி உருக்கியிருக்காங்க. ராத்திரி வீட்டுல இருந்தது ரெண்டே பேர்.”

கணவன் தலை நிமிரவில்லை. “அஞ்சு வருஷமா இதே மருந்தோட மல்லுக்கட்டினேன். நீ ஒரே வருஷத்துல முடிச்சுட்டே. இனிமே எல்லாரும் என்னை உன் புருஷன்னுதானே சொல்லுவாங்க?”

அவள் கள்ளன் கையிலேயே சாவியைக் கொடுத்திருக்கிறாள்.

ஓரகத்தி எழுந்து அரைக்கும் இயந்திரத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். “அழறதுக்கு அப்புறம் நேரமிருக்கு. நாளைக்குள்ள புதுசா அரைக்கணும். வா, நானும் நிக்கிறேன்.”

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு இயந்திரத்தருகே போனாள். ஓரகத்தியின் அந்த நிதானத்தைப் பார்த்து, அப்போதும் அவளுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.