மூன்றாம் தண்ணீர்

மஃரிபுத் தொழுகைக்குச் சற்று முன்னால் பைப்பில் தண்ணீர் வந்தது. வந்த தண்ணீரில் நுரை இருந்தது. சுல்பா வாளியைச் சரித்துப் பார்த்தாள். சவர்க்கார நுரை அல்ல, விரலில் குழகுழவென்று ஒட்டுகிற இளம்பச்சை நுரை, கூடவே கசக்கிய இலையின் வாசம். வேறு யாராக இருந்தாலும் பாசி என்று ஊற்றிவிட்டுப் போயிருப்பார்கள். மன்னாரிலிருந்து வந்து குடியேறிய அந்தக் காலனியில் இறந்த பெண்களின் மையித்துகளைக் குளிப்பாட்டுகிறவள் சுல்பாதான். இலந்தை இலையை இடித்துக் கரைத்து எத்தனையோ உடம்புகளின் மேல் ஊற்றிய கை அது. மையித்துக்கு ஊற்றுகிற முதல் தண்ணீர் அப்படித்தான் மணக்கும்.

ஊற்றிவிடவும் முடியாது. கடலோடு சேர்ந்த களப்போரத்துக் காலனி, கிணறெல்லாம் உப்பு. சமைக்க, குடிக்க, குளிக்க, எல்லாத்துக்கும் பள்ளிக்கூட மைதானத்தில் நிற்கிற அந்தத் தண்ணீர்த் தாங்கிதான் கதி. அதன் வயிற்றில் ஒரு வெடிப்பு. அதன் நிழலில் அவளுடைய ஒரே மகள் றிஸ்னாவின் வகுப்பறை. போன வருசம் சுல்பா தண்ணீர் அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னாள். அங்கே இருந்த ஐயா கதிரையை விட்டு எழும்பாமலே, "அது பூச்சில வந்த வெடிப்பு, பயப்பட ஒண்டுமில்ல" என்றார். வந்து பார்த்தவர் போல அவ்வளவு நிச்சயமாகச் சொன்னார். மூன்று தரம் போனாள், மூன்று தரமும் அதே கதை. அதுக்குப் பிறகு அவளுக்குப் பயமும் வரவில்லை, கோபமும் வரவில்லை. உள்ளுக்குள் என்னவோ மரத்துப்போயிருந்தது.

ஒன்றைவிட்ட நாள்தான் தண்ணீர் வரும். அடுத்த முறை நுரையும் இல்லை, மணமும் இல்லை, வழக்கமான மருந்து நெடிகூட இல்லை. வெறும் தண்ணீர். அதைப் பார்த்துக்கொண்டு அவள் குசினி வாசலில் குந்தியிருந்தாள். இலைத் தண்ணீருக்கு அடுத்தது வெறும் தண்ணீர்தான். அதுக்கும் அடுத்த, கடைசித் தண்ணீர் என்னவென்று அவளுக்குத் தெரியும். மற்ற வீடுகளில் பிள்ளைகளைக் குளிக்க வார்க்கிற சத்தம் கேட்டது.

மூன்றாம் முறை பைப்பைத் திறந்ததும் கற்பூரம் மணத்தது.

வாளியோடு போய், தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றித் திறந்துவிடுகிற நூர்தீனிடம் நீட்டினாள். "காக்கா, தண்ணி கற்பூரம் மணக்குது."

அவர் முகர்ந்து பார்த்தார், ஒரு மிடறு குடித்தும் பார்த்தார். "ஒண்டுமில்லயே தங்கச்சி. நேத்து முந்தல் ஊர்ல மையித்துக் குளிப்பாட்டிட்டு வந்தீங்கதானே? ஒங்கட கையில ஒட்டின மணம் அது."

சுல்பா கையை முகர்ந்தாள். கற்பூரம்தான். அவர் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது.

"வெடிப்பு அடைச்சாச்சா?"

"மேலால பூசி வெள்ளையும் அடிச்சாச்சு. உள்ளுக்கு ஆர் பாத்த?" நூர்தீன் குரலைத் தணித்தார். "நாளைக்கு அலுவலகத்துப் பெரிய ஐயா, திருத்தின தாங்கியெண்டு திறந்து வைக்க வாறாராம். விளிம்பு முட்ட நிரப்பச் சொல்லிக் கட்டளை. இவ்வளவு நாளும் அரைவாசிக்கு மேல ஏத்தினதில்ல. நான் என்ன செய்ய, சொன்னதச் செய்யிறன்."

காலையில் சுல்பா உப்புக் கிணற்றில் அள்ளி, சாம்பல் போட்டு முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினாள். அதே கிணற்றுத் தண்ணீரில் றிஸ்னாவையும் குளிக்க வார்த்தாள்.

"இண்டைக்குப் பள்ளிக்கூடம் போக வேணாம் மகள்."

"உம்மா, நான்தான் பூ குடுக்கிற ஆள்."

"வேணாமெண்டா வேணாம்."

பிள்ளை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு மூலையில் இருந்தது. காலையில் வரவேண்டிய பெரிய ஐயா மதியம் லுஹருக்கும் வரவில்லை, பின்னேரம் அசருக்கும் வரவில்லை. அலுவலகத்து ஆட்கள் எப்போது சொன்ன நேரத்துக்கு வந்தார்கள்? இனி வரமாட்டார் என்று சுல்பா நிம்மதியாகத் தொழ நின்றாள். சலாம் கொடுத்துத் திரும்பினால் மூலையில் பிள்ளை இல்லை. கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டையும் இல்லை.

செருப்புப் போட மறந்து ஓடினாள். ஒழுங்கையில் சனமே இல்லை. பைப்புகள் எல்லாம் மூடிக் கிடந்தன, ஆனாலும் ஒவ்வொரு வேலிக்கு உள்ளேயும் தண்ணீர் விழுகிற சத்தம், மெதுவாக, மேலிருந்து கால் வரைக்கும் கைப்பேணியால் வார்க்கிற சத்தம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மைதானத்து வாசலில் வந்து நின்றாள்.

காலையில் வெள்ளையடிக்கக் கட்டின சாரம் நின்ற இடத்தில் இப்போது வெள்ளைத் துணி. உச்சியிலிருந்து தூண்களின் அடிவரைக்கும் தாங்கியைச் சுற்றியிருந்தார்கள். மூன்று இடத்தில் கட்டு.

தலை. இடுப்பு. கால்.

மையித்துக்கு அவள் கட்டுகிற மாதிரியே.

அதன் அடியில் வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் வரிசை வரிசையாய், தோளோடு தோள் உரச நின்றார்கள். பின்வரிசையில் ஒரு தலையைத் தொட்டாள். ஈரம். காலையிலிருந்து வெயிலில் நிற்கிற பிள்ளை. அடுத்த தலை. ஈரம். கற்பூரம். அடுத்தது. கற்பூரம்.

முன்வரிசையில் றிஸ்னா பூவோடு நின்றாள்.

"வாங்க மகள், வீட்ட போவம்."

பிள்ளை திரும்பியது. நெற்றியில் மயிர் ஒட்டி, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "ரீச்சர் இந்தப் பைப்பில முகம் கழுவச் சொன்னா, உம்மா."

சுல்பா மகளின் உச்சியை முகர்ந்தாள். பிறகு தன் கையை முகர்ந்தாள். கையில் சாம்பல் மணம் மட்டும்தான் இருந்தது.

பிள்ளையின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். கால் எழவில்லை. அழுகையும் வரவில்லை. கபன் துணியின் கட்டை அவிழ்ப்பது மையித்தைக் கபுறுக் குழிக்குள் வைத்த பிறகுதான், அது மட்டும் மனதில் திரும்பத் திரும்ப வந்தது.

பெரிய ஐயா சிரித்த முகத்தோடு கயிற்றின் நுனியைப் பிடித்து இழுத்தார். தலைக்கட்டு அவிழ்ந்தது. இடுப்புக் கட்டு. கால் கட்டு.

துணி விழவில்லை. வெடிப்பு இருந்த இடத்தில் ஈரம் ஊறிப் பரந்து, தாங்கியின் வயிற்றோடு அது ஒட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக் கை தட்டிக்கொண்டே நின்றார்கள்.